வளைந்த டிராபாரை நிமிர்த்தி வெல்டு அடிக்கலாமா?

கேள்வி:

ஐயா, என்னிடம் மொத்த எடை 750 கிலோ வரை அனுமதி உள்ள ஒற்றை அச்சு டிரெய்லர் ஒன்று இருக்கிறது. மண், ஜல்லி, பழைய மரம் எல்லாம் அதில்தான் இழுக்கிறேன். போன வாரம் பின்னோக்கி எடுக்கும்போது ஸ்டியரிங்கை அதிகமாக ஒடித்துவிட்டேன். டிரெய்லர் மடங்கி வந்து, அதைக் காரோடு இணைக்கும் முன் பைப்பான டிராபார் காரின் பம்பர் மூலையில் மோதி, இடது பக்கமாக இரண்டு விரல்கடை வளைந்துவிட்டது. கழுவிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. டிராபார் முதல் குறுக்குச் சட்டத்தோடு சேரும் இடத்தில், அடிப்பக்கம், வெல்டிங்கை ஒட்டி ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். டிராபார் 50க்கு 50 மி.மீ. சதுர பைப், 3 மி.மீ. கனம். காரின் பின்னால் இருக்கும் பந்தின் மேல் பூட்டும் கப்ளரிலிருந்து குறுக்குச் சட்டம் வரை 1.2 மீட்டர். என்னிடம் சின்ன வெல்டிங் மெஷின் உண்டு. ஜாக்கி வைத்து நிமிர்த்தி, அடியில் ஒரு பிளேட் வைத்து வெல்டு அடித்தால் போதும் என்கிறார் என் மச்சான். வண்டி ஆடாமல் இருக்கப் பாரத்தை எப்போதும் முன்பக்கமே ஏற்றுவேன். கீறலுக்கு அது காரணமாக இருக்குமா? வீட்டிலேயே இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்:

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த நிலையில் அந்த டிரெய்லரைச் சாலையில் இறக்காதீர்கள். காலியாக இருந்தாலும் சரி, பட்டறை அடுத்த தெருவில் இருந்தாலும் சரி. பாதுகாப்புச் சங்கிலி இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான சின்ன டிரெய்லர்களில் சங்கிலியை டிராபாரின் முன் முனையில்தான் மாட்டியிருப்பார்கள். உங்கள் கீறல் அதற்குப் பின்னால், குறுக்குச் சட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே முறிந்தால் கப்ளரும் சங்கிலியும் பைப்பின் முன் துண்டும் உங்கள் காரோடு போய்விடும். பாரத்தோடு இருக்கும் பெட்டி எதிரே வருகிறவர் மேல் போகும்.

வீட்டிலேயே செய்யலாமா என்றால், பெரும்பகுதி வேலையைச் செய்யலாம். ஆனால் உங்கள் மைத்துனர் சொன்ன வழியில் வேண்டாம். நிமிர்த்துவதும் வேண்டாம், பிளேட்டும் வேண்டாம். அந்தப் பைப்பைக் கழற்றிவிட்டுப் புதுப் பைப் போடுங்கள். டிரெய்லரின் விலையோடு ஒப்பிட்டால் 2 மீட்டர் சொச்சம் இரும்பு பைப் பெரிய செலவே இல்லை. பழையதைக் காப்பாற்ற நீங்கள் செலவழிக்கப் போகும் உழைப்புதான் அதைவிட அதிகம்.

இப்போது கீறலைப் பார்ப்போம். வளைவைவிட எனக்குக் கவலை தருவது அதுதான். ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து, கம்பி பிரஷால் பெயின்ட்டை மட்டும் எடுத்துவிட்டு உள்ளே உற்றுப் பாருங்கள். கீறலின் உள்முகம் பளபளப்பாக வெள்ளி நிறத்தில் இருந்தால் அது இந்த மோதலில் வந்தது. பழுப்பாகத் துருவேறி, சுற்றியுள்ள பெயின்ட்டில் துரு கசிந்த கோடு இருந்தால், அது பல மாதங்களாக வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு பாதி பழுப்பாகவும் நுனி மட்டும் பளபளப்பாகவும் இருப்பதும் உண்டு. பழைய கீறல் மோதலில் இன்னும் கொஞ்சம் திறந்துகொண்டது என்று அதற்கு அர்த்தம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பழுப்புதான் இருக்கும் என்று நினைக்கிறேன். பக்கவாட்டில் வாங்கிய அடி பைப்பின் பக்கச் சுவரைத்தான் முதலில் பதம் பார்க்கும். அடிப்பக்கக் கீறல் மேலும் கீழுமான பாரத்தால் வருவது.

ஏன் அடிப்பக்கம்? பாரத்தின் ஒரு பங்கை டிரெய்லர் காரின் பின்னால் இருக்கும் பந்தின் மேல் அழுத்துகிறது. பந்து அதே அளவு விசையோடு டிராபாரின் முனையை மேலே தள்ளுகிறது. பின்னால் சட்டத்தில் பிடிபட்ட பைப்பின் முனையை மேலே தள்ளினால், அதன் மேல்முகம் அமுங்கும், அடிமுகம் இழுபடும். இந்த இழுவை முதல் குறுக்குச் சட்டத்துக்குப் பக்கத்தில்தான் மிக அதிகம். போதாக்குறைக்கு அங்கேதான் குறுக்காக ஒரு வெல்டிங். வெல்டிங் முடிந்து பைப் தொடங்கும் அந்த ஓரத்தில் இரும்பு சூட்டில் மாறியிருக்கும், சின்னப் பள்ளமும் இருக்கும். ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு வேகத்தடையிலும் அந்த ஓரம் இழுபட்டுத் தளர்கிறது. பல ஆயிரம் தடவை நடந்த பிறகு மயிரிழைக் கீறல் விழும். இரும்பு களைத்துப்போவது என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

உங்கள் அளவுகளை வைத்தே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 750 கிலோவில் 10 சதவீதம் பந்தின் மேல் வந்தால் 75 கிலோ. 1.2 மீட்டர் நீளத்தில் அது குறுக்குச் சட்டத்தின் அருகே பைப்பின் அடிமுகத்தில் ஏறக்குறைய 106 மெகாபாஸ்கல் இழுவையைத் தரும் (இரும்புக்குள் வரும் இழுவையை அளக்கும் அலகு அது). வண்டி நிற்கும்போதே இவ்வளவு. சாதாரண மென்னிரும்பு 250 மெகாபாஸ்கல் அளவில் நிரந்தரமாக வளையத் தொடங்கும். பாரத்தை எல்லாம் முன்னால் தள்ளி, பந்தின் மேல் 150 கிலோ வந்துவிட்டது என்று வையுங்கள். நின்ற இடத்திலேயே 212 ஆகிவிடும். அதற்கு மேல் ஒரு குழியில் இறங்கி ஏறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக உங்கள் கேள்விக்குப் பதில், ஆமாம். முன்பக்கமே ஏற்றியதுதான் பெரிய காரணம். அதோடு அந்தப் பைப்பே அந்த நீளத்துக்கு ஒல்லி. அது உங்கள் தவறு அல்ல, செய்தவர் மிச்சம் பிடித்திருக்கிறார்.

பாரத்தை முன்னால் வைத்தால் ஆட்டம் குறையும் என்று உங்களுக்குச் சொன்னவர் முழுத் தவறாகச் சொல்லவில்லை. பின்பாரம் அதிகமானால் டிரெய்லர் வாலாட்டும், அது உயிருக்கே ஆபத்து. ஆனால் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்னால் வந்தால் போதும். சில நாடுகளில் இலகுவான டிரெய்லர்களுக்கு இதைவிடக் குறைவாகவே சொல்வார்கள். உங்கள் டிரெய்லரின் கையேட்டிலோ தகட்டிலோ இருக்கும் எண்தான் கணக்கு. பந்தைத் தாங்கும் காரின் ஹிட்ச்சுக்கும் தனி வரம்பு உண்டு. இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது.

இனி நிமிர்த்தும் பேச்சு. சதுர பைப் வளையும்போது உட்பக்கச் சுவர் ஒரு சின்ன மடிப்பாக உள்வாங்கும். கையால் தடவிப் பார்த்தால் தெரியும். அந்த மடிப்பு விழுந்துவிட்டால் பைப் தன் சதுர வடிவத்தை இழந்துவிட்டது, அதன் பலமே அந்த வடிவம்தான். ஜாக்கி வைத்துத் தள்ளினால் பைப் நேராகும், மடிப்பு போகாது. அடுத்த முறை மிகக் குறைந்த விசையில் அதே இடத்தில் மடங்கும். குளிர்ந்த நிலையில் ஒருமுறை வளைந்து மறுபடி நிமிர்ந்த இரும்பு அந்த இடத்தில் கெட்டிப்பட்டு, வளைந்து கொடுக்கும் தன்மையையும் இழக்கும். காஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி நிமிர்த்தலாமே என்று யாராவது சொல்வார்கள். பாலங்களின் உத்தரங்களைச் சூடேற்றி நிமிர்த்துவது உண்மைதான். ஆனால் அவர்கள் சூட்டை அளந்து, 650 டிகிரி செல்சியஸ் தாண்டாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வார்கள். 3 மி.மீ. சுவரில் கண் மதிப்பில் செய்யும் வேலை அல்ல அது.

பிளேட் விஷயம் இதைவிட முக்கியம். கீறலின் மேல் ஒரு பட்டையை வைத்து நாலு பக்கமும் வெல்டு அடித்தால் பார்க்க நல்ல பலமாக இருக்கும். ஆனால் அடியில் கீறல் அப்படியே இருக்கிறது, உங்கள் கண்ணுக்குத்தான் தெரியாது. அதோடு பட்டை முடியும் இடத்தில் கனமான இரும்பு சட்டென்று மெல்லிய இரும்பாகிறது, அந்த ஓரத்திலேயே குறுக்காகப் புது வெல்டிங். இழுவை முழுவதும் அங்கே போய்க் குவியும். பட்டை வைத்து வந்த டிராபார்கள் பட்டை முடியும் இடத்தில் கோடு போட்டது போல அறுந்திருப்பதைப் பட்டறையில் அடிக்கடி பார்க்கிறேன். பட்டை வெல்டிங் கீறலை நீக்காது, ஒரு சாண் முன்னால் நகர்த்தும்.

சரி, புதுப் பைப் என்று முடிவு செய்தாகிவிட்டது. எதை வாங்குவது? பெரும்பாலோர் அதே 50க்கு 50 அளவில் கனமான சுவராக, 5 மி.மீ. கேட்பார்கள். நான் உங்களுக்குச் சொல்வது 75க்கு 50, 4 மி.மீ. கனம். 75 மி.மீ. பக்கம் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். இரண்டும் மீட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோதான். ஆனால் அதே 75 கிலோ பந்துச் சுமைக்கு 5 மி.மீ. சதுர பைப்பில் இழுவை 72 மெகாபாஸ்கல் வரும், 75க்கு 50-இல் 47தான் வரும். உயரம் கூடினால் பலம் வேகமாகக் கூடும், சுவரின் கனம் அவ்வளவு உதவாது. அகலம் அதே 50 என்பதால் உங்கள் கப்ளர் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். பைப் குறுக்குச் சட்டங்களுக்குக் கீழே தொங்குவதாக இருந்தால், மேல்முகம் பழைய மட்டத்திலேயே இருக்கும், கப்ளரின் உயரமும் மாறாது. நீளத்தை மட்டும் கூட்டாதீர்கள். பின்னோக்கி எடுக்க வசதியாக இருக்குமே என்று ஆசை வரும். ஆனால் நீளம் கூடக் கூட அதே விகிதத்தில் இழுவையும் கூடும்.

பைப் பின்னால் எவ்வளவு தூரம் போகிறது என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. முதல் குறுக்குச் சட்டம் தாங்குபுள்ளி. அதற்குப் பின்னால் இரண்டாவது பிடிமானம் 60 செ.மீ. தள்ளி இருந்தால், உங்கள் 75 கிலோவுக்கு அங்கே 150 கிலோ விசை விழும். 1.2 மீட்டர் தள்ளி இருந்தால் 75 கிலோதான். பைப்பை அச்சுக்குப் பக்கத்துக் குறுக்குச் சட்டம் வரை கொண்டு போக முடிந்தால் கொண்டு போங்கள். கீழே தொங்கும் பைப்பில் முன் பிடிமானம் சட்டத்தோடு அமுங்கும், பின் பிடிமானம்தான் சட்டத்தை விட்டுப் பிரியப் பார்க்கும். ஆகவே பின்னால் இருக்கும் போல்ட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. டிராபாரைக் கழற்றிவிட்டால் டிரெய்லர் அச்சின் மேல் ஊசலாடும் பலகை ஆகிவிடும், பின்பக்கமாகச் சாயும். சமதரையில் நிறுத்தி, இரண்டு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சட்டத்தின் நாலு மூலைக்கும் ஜாக்கி ஸ்டாண்டு வைத்துவிட்டு அப்புறம் ஸ்பானரைத் தொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது.

கழற்றியதும் குறுக்குச் சட்டத்தை நன்றாகப் பாருங்கள். பைப்பிலிருந்து கீறல் அதற்கும் ஓடியிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காட்ட மூன்று ஸ்ப்ரே டப்பா கொண்ட சிவப்புச் சாயச் சோதனை கிட் கிடைக்கும். முதலில் கிளீனரால் சுத்தம் செய்து, சிவப்புச் சாயத்தை அடித்து, டப்பாவில் சொன்ன நேரம் விட வேண்டும். 10 முதல் 20 நிமிடம் இருக்கும். மேலே இருப்பதைத் துணியால் துடைத்துவிட்டு வெள்ளை டெவலப்பரை அடித்தால், கீறலுக்குள் இறங்கிய சாயம் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடாக ஊறி வரும். எந்த மூலையில் முடிகிறது என்பதும் துல்லியமாகத் தெரியும். குறுக்குச் சட்டத்தில் சின்னக் கீறல் என்றால், அதன் நுனியைத் தாண்டி 4 மி.மீ. அளவில் ஒரு துளை போட்டால் மேலே ஓடாது. பிறகு கீறலைக் கிரைண்டரால் பள்ளமாக வெட்டி எடுத்து வெல்டிங்கால் நிரப்ப வேண்டும். சட்டத்தின் பாதி அகலத்துக்குக் கீறல் இருந்தால் அந்தச் சட்டத்தையும் மாற்றுங்கள்.

மூடிய பைப் உள்ளிருந்து துருப்பிடிக்கும் என்பதையும் மறக்காதீர்கள். டிரெய்லரின் மற்ற பைப்புகளைச் சின்னச் சுத்தியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்று ஒலிக்கும், அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் கூர்மையான பஞ்ச்சை வைத்து ஒரு தட்டு தட்டினால் உள்ளே போய்விடுகிறதா என்று தெரிந்துவிடும். படகு டிரெய்லர் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையை ஆண்டுதோறும் செய்ய வேண்டும், உப்புத் தண்ணீர் அப்படி.

இனி எப்படிப் பொருத்துவது? உங்களிடம் இருக்கும் மெஷினை நினைத்து, நான் போல்ட்டையே சொல்வேன். பைப்பின் மேல்முகத்திலோ அடிமுகத்திலோ துளை போடக் கூடாது. அமுங்குவதும் இழுபடுவதும் அந்த இரண்டு முகங்கள்தான், அங்கே போடும் துளை அடுத்த கீறலுக்கு விதை. பைப்பைச் சுற்றி வரும் சதுர யூ போல்ட்டுகளாலோ, அடியில் 10 மி.மீ. பிளேட் வைத்துப் பைப்பின் இரு பக்கமும் மேலேறும் போல்ட்டுகளாலோ ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தோடும் இறுக்குங்கள். ஆனால் இறுக்கம் மட்டும் பைப் முன்னும் பின்னும் நழுவாமல் தடுக்கும் என்று நம்ப முடியாது. இழுப்பும் பிரேக்கும் அந்தத் திசையில்தான் வரும். அதற்கு ஒரு பிடிமானத்திலாவது, பக்கச் சுவரின் நட்ட நடுவில், குறுக்காக ஒரு போல்ட் ஓட வேண்டும். அந்த உயரத்தில் இழுவையும் இல்லை, அமுக்கமும் இல்லை, துளை கெடுதல் செய்யாது. பைப்புக்குள் குழாய்த் துண்டு ஒன்றைப் புஷ்ஷாக வைத்து அதற்குள் போல்ட்டை விடுங்கள். இல்லாவிட்டால் இறுக்கும்போது பைப்பின் சுவர் உள்ளே குழியும், கொஞ்ச நாளில் போல்ட்டும் தளரும்.

போல்ட்டின் தலையில் அதன் பலத்தைக் காட்டும் 8.8 என்ற எண் பொறித்திருக்க வேண்டும். எண் இல்லாத போல்ட் எவ்வளவு தடியாக இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாது. 12 மி.மீ. போல்ட் என்றால், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரில் சுமார் 80 நியூட்டன் மீட்டர் இறுக்குங்கள். நைலான் வளையம் உள்ள நட்டாகப் போடுங்கள், ஒருமுறை கழற்றியதை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

இல்லை, வெல்டிங்தான் வேண்டும் என்றால், அளவு எடுப்பது, வெட்டுவது, சுரண்டிச் சுத்தம் செய்வது, இடத்தில் பிடித்து வைப்பது வரை நீங்கள் செய்யுங்கள். பாரம் தாங்கும் வெல்டிங்கை மட்டும் அதையே தொழிலாகச் செய்பவரிடம் விடுங்கள். வீட்டு பிளக்கில் ஓடும் சின்ன மெஷினில் 4 மி.மீ. பைப்பைக் கனமான சட்டத்தோடு ஒட்டும்போது, வெல்டிங் அழகாக, அலை அலையாக விழும். ஆனால் இரும்போடு உருகிக் கலக்காமல், தரையில் விழுந்த மெழுகுச் சொட்டு மாதிரி மேலே உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்து இதை உறுதியாகச் சொல்ல முடியாது. காஸ் இல்லாமல் ஓடும் ஃப்ளக்ஸ் கம்பியில் மலிவாகக் கிடைக்கும் ரகங்கள் பல மெல்லிய தகட்டில் ஒரே ஓட்டம் அடிக்க மட்டுமே ஆனவை. சுருளின் மேல் அதை எழுதியே இருப்பார்கள்.

உங்கள் கையையும் மெஷினையும் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அதே கனத்தில் இரண்டு துண்டு இரும்பை எடுத்து, ஒன்றின் மேல் மற்றதை நெட்டுக்குத்தாக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் வெல்டு அடியுங்கள். ஆறியதும் வைஸில் பிடித்து, நிற்கும் துண்டை வெல்டிங் இருக்கும் பக்கமாகவே சுத்தியால் அடித்துச் சாயுங்கள். உடைந்த முகத்தைப் பாருங்கள். மூலை வரை சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாகக் கிழிந்திருந்தால் கலந்திருக்கிறது. அடி மூலையில் வெட்டிய இரும்பின் நேர் விளிம்பு அப்படியே, கத்தி வைத்தது போலத் தெரிந்தால் கலக்கவே இல்லை. இந்தச் சோதனையில் தேறாத கை, டிராபாரில் வெல்டு வைக்கக் கூடாது. வெல்டிங் செய்பவரிடமும் ஒன்று சொல்லுங்கள். பைப்பின் அடிமுகத்தில் குறுக்காக வெல்டு வேண்டாம், பக்கச் சுவர்களின் நீளவாக்கில் போதும் என்று. தேர்ந்தவர் என்றால் நீங்கள் சொல்லும் முன்னே அப்படித்தான் செய்வார்.

இரண்டு விஷம் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. வெல்டிங்குக்கு முன் இரும்பைச் சுத்தம் செய்ய பிரேக் கிளீனரை எடுக்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கிறது. வெல்டிங் சூட்டிலும் அதன் கதிரிலும் அது ஃபாஸ்ஜீன் வாயுவாக மாறும். முதல் உலகப் போரில் படைவீரர்களைக் கொல்லப் பயன்பட்டதே, அதே வாயு. மிகக் கொஞ்சம் போதும், நுரையீரலில் நீர் கோக்க. அசிட்டோனால் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். இன்னொன்று துத்தநாக முலாம். முலாம் பூசிய பைப்பை வெல்டு அடித்தால் எழும் வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால், சில மணி நேரம் கழித்துக் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரும். வெல்டு வரும் இடத்தில் இரு பக்கமும் இரண்டு விரல்கடை முலாமைத் தேய்த்து எடுத்துவிட்டு, புகையை வடிகட்டும் முகமூடி போட்டுக்கொண்டு திறந்த வெளியில் செய்யுங்கள்.

வெல்டிங் நடக்கும்போது டிரெய்லர் காரோடு இணைந்திருக்கக் கூடாது, விளக்கு பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும். எர்த் கிளாம்ப்பை வெல்டிங் நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள். தூரத்தில் பிடித்தால் மின்சாரம் சக்கர பேரிங் வழியாகப் போய் அதில் பொரிக்கும் அபாயம் உண்டு. பைப்புக்குள் ஓடும் விளக்கு ஒயரை முன்பே உருவி எடுத்துவிடுங்கள். இரு முனையும் மூடிய பைப் என்றால் உள்ளே சூடாகும் காற்று வெளியேற ஒரு துளை வேண்டும். மரத்தளம் இருந்தால் பக்கெட்டில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருங்கள்.

இறுக்குவதற்கு முன் நேர் பார்க்க வேண்டும். கப்ளரின் நடுவிலிருந்து அச்சின் இடது முனைக்கு டேப் பிடித்து அளங்கள், அதே போல வலது முனைக்கும். இரண்டும் சமமாக இருக்க வேண்டும், 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது. கூடினால் டிரெய்லர் சாலையில் ஒருக்களித்து வரும், டயர் ஒரு பக்கம் தேயும். டேப் தொய்யாமல் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். உங்கள் மைத்துனரை இதற்குக் கூப்பிடுங்கள். பழைய டிராபார் வளைந்த வேகத்தில் சட்டமே கோணியிருக்கலாம் என்பதால், பெட்டியின் மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாக இருக்கின்றனவா என்று அளந்து பாருங்கள்.

கப்ளரும் அந்த அடியை வாங்கியிருக்கிறது. வாய் விரிந்திருந்தாலோ, பூட்டும் நெம்புகோல் தளர்ந்திருந்தாலோ, உடம்பில் கீறல் இருந்தாலோ புதுசு வாங்குங்கள். கப்ளரைச் சுத்தியால் தட்டிச் சரிசெய்வதோ வெல்டு வைப்பதோ கூடவே கூடாது. வாங்கும்போது அதன் மேல் பொறித்திருக்கும் பந்தின் அளவைப் பாருங்கள். 50 மி.மீ. பந்தும் 2 அங்குலப் பந்தும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் 2 அங்குலம் என்பது 50.8 மி.மீ. 50 மி.மீ. கப்ளர் 2 அங்குலப் பந்தின் மேல் சரியாகப் பூட்டாது. மாற்றிப் போட்டால் தளர்ந்து ஆடும், குலுங்கலில் கழன்றுவிடலாம்.

சங்கிலியைப் பழைய இடத்தில் மாட்டாதீர்கள். முறிவு எங்கே நேர்ந்தாலும் பெட்டி பிடிபட வேண்டும் என்றால், சங்கிலியின் ஒரு முனை சேஸி சட்டத்தில் போல்ட்டால் பிடிபட்டிருக்க வேண்டும். முன்னால் இரண்டு சங்கிலிகளையும் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றால் டிராபார் தரையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலி ஏந்திக்கொள்ளும். சங்கிலி வளையத்தைச் சட்டத்தோடு நேரடியாக வெல்டு வைக்க வேண்டாம், சூட்டில் வளையத்தின் பலம் போய்விடும்.

பெயின்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துத்தநாகம் கலந்த பிரைமர், மேலே இரண்டு பூச்சு. குறுக்குச் சட்டத்துக்குப் பக்கத்தில் மட்டும் வெள்ளையோ வெளிர் சாம்பலோ அடியுங்கள். அடுத்த முறை ஒரு கீறல் முளைத்தால், வெளிர் நிறத்தில் துருக்கோடு உடனே தெரியும். பைப்பின் பின் முனையை மூடினால் அடியில் தண்ணீர் வடிய வழி விடுங்கள்.

முதல் பாரம் ஏற்றும் முன் பந்துச் சுமையை அளந்துவிடுங்கள். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் போதும், ஆனால் அதன் மேல் நேரடியாக வைத்தால் அதன் அளவைத் தாண்டிவிடலாம். ஒரு கனமான பலகையை எடுத்து, ஒரு முனையை மெஷினின் மேலும் மறு முனையை அதே உயரமுள்ள கட்டையின் மேலும் வையுங்கள். இரண்டு தாங்குபுள்ளிகளுக்கும் நடுவே 90 செ.மீ. இருக்கட்டும். கட்டைப் பக்கத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி டிராபார் முனையை இறக்குங்கள். மெஷின் காட்டுவதிலிருந்து, பலகை மட்டும் இருந்தபோது அது காட்டியதைக் கழித்துவிட்டு, மீதியை 3 ஆல் பெருக்குங்கள். டிரெய்லர் சமமட்டத்தில் நிற்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்க வேண்டும். 75 கிலோவை ஒட்டி வரும் வரை ஜல்லியை முன்னும் பின்னும் மாற்றிப் பாருங்கள். எந்த இடம் என்று தெரிந்ததும் பெட்டியின் உட்சுவரில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டியதில்லை.

முதலில் காலி வண்டியாக ஒரு சுற்று, அப்புறம் பாதிப் பாரத்தோடு ஒரு சுற்று. இரண்டுக்கும் பிறகு எல்லா போல்ட்டையும் டார்க் ஸ்பானரால் மறுபடி பாருங்கள். புது இணைப்பு உட்காரும்போது போல்ட் கொஞ்சம் தளர்வது இயல்பு.

வெட்டும் வேலையைத் தொடங்கும் முன்பே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது, நீங்கள் கேட்கவில்லை. பல டிரெய்லர்களில் அடையாள எண்ணை டிராபாரின் மேலேயே பொறித்திருப்பார்கள், அல்லது தகடாக ரிவெட் அடித்திருப்பார்கள். பழைய பைப்பைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டால் உங்கள் வண்டிக்கு அடையாளமே இல்லாமல் போகும். எண்ணைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு, டிராபாரை மாற்றினால் ஆய்வுச் சான்று வேண்டுமா, எண்ணைப் புது பைப்பில் யார் பொறிக்க வேண்டும் என்று வாகனப் பதிவு அலுவலகத்தில் கேளுங்கள். காப்பீடு இருந்தால் அவர்களிடமும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். பைப் கனமாகிவிட்டது என்பதால் 750 கிலோ கூடிவிடாது. அச்சும் டயரும் பழையவைதான், தகட்டில் இருக்கும் எண்தான் இனியும் உங்கள் வரம்பு.